சின்ன மேசை தேடி: திருநெல்வேலியிலிருந்து பனாஜிக்கு

நாள் 0, திருநெல்வேலி

ரம்மி இல்லாத கல்யாண வீடு நம் பக்கம் கிடையாது. முந்தின ராத்திரி பந்தி முடிந்ததும் மாடியில் ஜமுக்காளம் விரியும், இரண்டு கட்டுச் சீட்டு கலையும், விடிகிற வரைக்கும் 'ஸ்கூட்', 'மிடில் ஸ்கூட்', 'ஃபுல்' என்று சத்தம் கேட்கும். ஸ்கூட் 20, மிடில் 40, ஃபுல் 80. கையில் வந்த பதின்மூன்று சீட்டும் பாழ் என்று தெரிந்ததும் 20 புள்ளியோடு கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறாரே ஒரு மாமா, போக்கருக்கு வேண்டிய பாதிக் குணம் அவரிடம் இருக்கிறது. மீதிப் பாதி கணக்கு. கோவாவுக்குத் தனியாகப் போய், ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பலில் இருக்கிறதிலேயே சின்ன போக்கர் மேசையில், அதாவது பந்தயம் குறைந்த மேசையில், இரண்டு ராத்திரி ஆடிவிட்டு வர விரும்புகிறவர்களுக்காக, நாள்வாரியாக அந்தக் கணக்கு இது.

முதலில் பணம். ஓட்டல், ரயில், சாப்பாடு ஒரு உறை. மேசைப் பணம் வேறு உறை. இரண்டையும் கலக்கக் கூடாது. போக வர ரயிலில் மூன்றடுக்கு ஏசிக்கு 3,500, மூன்று ராத்திரி அறைக்கு 5,400, சாப்பாட்டுக்கு 2,400, பஸ்ஸும் டாக்சியும் 1,000, கப்பலுக்கு இரண்டு நாள் நுழைவு 6,000. ஆகமொத்தம் 18,300 ஒதுக்கி வையுங்கள். மேசைக்கு 30,000. இந்த முப்பதாயிரம் ஆனித் திருவிழாவில் ராட்டினத்துக்கும் பொருட்காட்சிக்கும் எடுத்துக்கொண்டு போகிற காசு மாதிரி. அது திரும்பி வராவிட்டால் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கும் என்றால் டிக்கெட்டே போட வேண்டாம்.

ஜிஎஸ்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் கேசினோவில் சிப் (மேசையில் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) வாங்கக் கொடுக்கும் முழுத் தொகைக்கும் 28% என்றிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40%. வரியையும் உள்ளடக்கி 30,000 கொடுத்தால் கைக்கு வருவது 21,428 ரூபாய் சிப்தான். ஜெயித்த சிப்பை அப்படியே வைத்து ஆடினால் மறுபடி வரி இல்லை. காசாக்கிவிட்டு, மனசு மாறித் திரும்ப வாங்கினால் மறுபடியும் வரி. இதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பத்தாயிரம் கொடுத்தால் போக்கர் மேசையில் எத்தனை ரூபாய்க்கு சிப் கிடைக்கும்?"

பழகுவதற்கு மொபைலை நம்ப வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. வீட்டில் நாலு பேர், ஒரு கட்டுச் சீட்டு, ஒரு படி புளியமுத்து போதும். ஒரு முத்து 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் நடுவில் எவ்வளவு கிடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் சேரும் இந்தப் பணத்துக்குத்தான் 'பாட்' என்று பெயர். அதை எண்ணத் தெரியாமல் கப்பல் ஏறுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தாமிரபரணியில் இறங்குகிறவர்.

டிக்கெட்: திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகர், காந்திதாம் பக்கம் போகும் வண்டிகள் கொங்கண் தடத்தில் மட்காவ் வழியாகப் போகின்றன. எல்லாம் வாரத்தில் ஓரிரு நாள் ஓடுகிறவை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். திரும்பி வரும் நாளை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி போகும் நாளைப் போடுங்கள். திரும்ப டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் மூன்றாவது ராத்திரியும் கப்பல் ஏறுவார். விமானம் என்றால் கோவாவில் இரண்டு நிலையம்: தெற்கே டபோலிம், வடக்கே 2023-இல் இயங்கத் தொடங்கிய மோபா. எதில் இறங்குகிறீர்கள் என்று பார்க்காமல் அறை போடாதீர்கள்.

நாள் 1, ரயிலில்

எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகள், அதைத் தாண்டினால் கேரளம், அப்புறம் நாள் முழுக்கத் தென்னை. மழைக்காலத்தில் கொங்கண் தடத்துக்கென்று தனி அட்டவணை உண்டு. மண்சரிவுக்குப் பயந்து வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள், நேரமும் மாறும். ஜூன் முதல் அக்டோபர் வரைக்குள் போகிறவர்கள் கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளியோதரை மறுநாள் காலைக்கு. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், மத்தியானத்துக்குள் ஊசிப்போகும்.

படுக்கையில் கிடந்தபடி மனப்பாடம் செய்ய ஒரு சின்னக் கணக்கு. இந்தப் போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக மேசை நடுவில் ஐந்து சீட்டு. முதலில் சேர்ந்து திறக்கும் மூன்று ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர்; ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஃப்ளாப்பில் மூன்று சீட்டு திறந்த பிறகு ஒரே ஜாதியில் நாலு சீட்டு உங்களுக்குச் சேர்ந்துவிட்டது, ஐந்தாவது வேண்டும் என்றால், அந்த ஜாதியில் மிச்சம் 9. பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே வருவதற்கு வாய்ப்பு 19%, இரண்டு சீட்டுக்குள் வருவதற்கு 35%. இருபக்கமும் திறந்த வரிசை, அதாவது 5-6-7-8 மாதிரி, என்றால் 8 சீட்டு உதவும்: 17%, 31%. நடுவில் ஒன்று காணாத வரிசைக்கு 4 சீட்டுதான், அடுத்ததில் வர 8.5%. ரம்மிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி இடத்தில். ரம்மியில் நடுச் சீட்டுக்கு ஜோக்கர் கைகொடுக்கும்; இங்கே ஜோக்கர் கிடையாது.

நாள் 2, மட்காவ், பனாஜி

மட்காவ் ஸ்டேஷனிலிருந்து கதம்பா பஸ் நிலையத்துக்கு ஆட்டோ. அங்கிருந்து பனாஜிக்கு நிற்காமல் போகும் கதம்பா பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர் சொல்லும் தொகையில் பஸ்ஸுக்குப் பத்துத் தடவை போய்வரலாம்.

அறையைப் பனாஜியிலேயே எடுங்கள். கலங்கூட், பாகா கடற்கரைப் பக்கம் எடுத்தால் ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பி வரும் டாக்சிச் செலவில் ஒரு நாள் வாடகை போய்விடும். மாண்டோவி ஆற்றங்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும்.

கேசினோக் கப்பல்கள் ஆற்றுக்குள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. இதற்குக் காரணம் சட்டம். கோவாவின் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 1992-இல் திருத்தம் செய்து ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மெஷின் ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆள் சீட்டுப் போடுகிற மேசை ஆட்டத்தை 1996-இல் கப்பலுக்கு மட்டும் அனுமதித்தார்கள். கோவா மாநிலத்தவருக்கு 2020 பிப்ரவரி முதல் கேசினோவுக்குள் ஆட அனுமதி இல்லை. ஆகவே மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் எல்லாரும் பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி என்று வெளியூர்க்காரர்கள். பாதிப் பேர் விடுமுறைக்கு வந்தவர்கள். ஆட்டத்தின் போக்கை இது தீர்மானிக்கும். அதை நாளைக்குப் பார்க்கலாம்.

21 வயது முடிந்திருக்க வேண்டும். அசல் அடையாள அட்டை, பான் அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். சாரத்தையும் ரப்பர் செருப்பையும் அறையில் விட்டுவிடுங்கள்: முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை, ஷூ. உள்ளே ஏசி குற்றாலத்துச் சாரல் மாதிரி ஏறும். முழுக்கைச் சட்டை நல்லது.

கரையோர நடைபாதையில் "சார், பேக்கேஜ், பாதி விலை" என்று பின்னாலேயே வருவார்கள். திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுக்கப் பார்க்கிறவர்கள். கப்பல் நிறுவனத்தின் சொந்தக் கவுன்டரைத் தவிர வேறெங்கும் பணம் கொடுக்க வேண்டாம். வெள்ளி, சனி கட்டணம் கூடும். நுழைவுக் கட்டணத்தோடு சாப்பாடும், ஒருமுறை மட்டும் ஆடக்கூடிய இலவச சிப்பும் வழக்கமாகச் சேர்ந்து வரும். அந்த இலவச சிப் ரூலட், பிளாக்ஜாக் மேசைகளுக்குத்தான், போக்கர் மேசையில் செல்லாது. போக்கருக்கு மட்டும் வருகிறவர்களுக்குத் தனி நுழைவு உண்டா என்று போக்கர் அறைக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். கூடவே இன்னும் மூன்று கேள்வி: இன்றைக்கு மிகச் சின்ன மேசை எது, குறைந்தபட்ச பை-இன் (உட்காரும்போது வாங்க வேண்டிய சிப்) எவ்வளவு, எத்தனை மணிக்கு மேசை திறக்கும்? வாரநாளில் நுழைவு மலிவு. ஆனால் ஆள் சேராமல் சின்ன மேசை திறக்காமலே போகிற ராத்திரியும் உண்டு.

கிளம்பும் முன் ஏடிஎம் அட்டையை அறையில் பூட்டிவிட்டு, யுபிஐ வரம்பை வங்கிச் செயலியில் 2,000-க்கு இறக்குங்கள். இரண்டு நிமிட வேலை.

நாள் 3, மேசை

கணக்குக்கு 100/200 மேசையை எடுத்துக்கொள்வோம். கைக்குக் கை ஆள் மாறி நகரும் அடையாள வில்லைதான் டீலர் பட்டன். அதற்கு இடதுபக்கம் இருப்பவர் 100, அடுத்தவர் 200 கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும், இதுதான் பிளைண்ட். பெரியதான 200, பிக் பிளைண்ட். ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு உங்களுக்கு 300 செலவு. நேரடி ஆட்டத்தில் மணிக்கு 25 முதல் 30 கை நடக்கும், அதாவது மூன்று சுற்று. ஒரு கைகூட ஆடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 900 போகும். அதைப் பார்த்துப் பதறிக் கண்ட சீட்டுக்கும் காசு போட்டால் மணிக்கு 5,000 போகும்.

இதற்கு மேல் ரேக். ஒவ்வொரு பாட்-இலிருந்தும் கேசினோ எடுக்கும் பங்கு. எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு என்பது மேசையருகே எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். உதாரணத்துக்கு 5% என்றால் 2,000 ரூபாய் பாட்-இல் 100. சின்னச் சின்னப் பாட்டாக நிறைய ஜெயிக்கிறவரைத்தான் ரேக் அதிகம் கடிக்கும்.

பத்தாயிரம் சிப்போடு உட்கார்ந்தால் 50 பிக் பிளைண்ட். போதுமானதுதான். ஆனால் மேசையில் ஸ்ட்ராடில் பழக்கம் இருக்கிறதா என்று உட்காருவதற்கு முன் இரண்டு சுற்று நின்று பாருங்கள். பிளைண்டுக்கு அடுத்தவர் தானாக 400 போட்டு ஆட்டத்தை இரட்டிப்பாக்குவதுதான் ஸ்ட்ராடில். ஒவ்வொரு கையிலும் யாராவது போட்டால் அது பெயருக்குத்தான் 100/200 மேசை, உண்மையில் 200/400. உங்கள் 50 பிளைண்ட் 25 ஆகிவிடும். சின்னப் பணத்தோடு வருகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே காலியாவதற்கு இதுதான் முக்கியக் காரணம், துரதிர்ஷ்டம் கிடையாது.

எந்தக் கையை ஆடுவது? பத்து கையில் எட்டை ஸ்கூட் அடியுங்கள். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, பத்துக்கு மேல் ஜோடி வந்தால் ரைஸ், அதாவது பந்தயத்தை உயர்த்துங்கள். இங்கே முன்னால் பலர் வெறும் 200-ஐப் போட்டு ஃப்ளாப் பார்க்க நுழைந்திருப்பார்கள். 800, அதோடு அப்படி நுழைந்த ஒவ்வொருவருக்கும் 200 சேர்த்து ரைஸ் போடுங்கள். இரண்டு பேர் நுழைந்திருந்தால் 1,200. 500 போட்டால் ஐந்து பேரும் கூடவே வருவார்கள். ஐந்து பேருக்கு எதிராக ஏஸ் ஜோடிகூடப் பாதி நேரம் தோற்கும்.

சின்ன ஜோடி, இரண்டு நாலோ இரண்டு ஆறோ வந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது வருவதற்கு வாய்ப்பு 11.8%, எட்டரைக்கு ஒன்று. எதிராளியிடமும் உங்களிடமும் கட்ட வேண்டிய தொகையைப் போல் 15 மடங்காவது மிச்சம் இருந்தால் மட்டும் கால் செய்யலாம், அதாவது எதிராளி போட்ட அளவைக் கட்டலாம். 800 கட்ட வேண்டும், எதிரே 12,000 இருக்கிறது, சரி. எதிரே 5,000 தான் என்றால் வந்த மாதிரியே கவிழ்த்துவிடுங்கள்.

ஒரு கையை முழுசாகப் பார்ப்போம். டர்ன் திறந்துவிட்டது, நாலு ஆட்டின் சேர்ந்திருக்கிறது, இன்னும் ஒரு சீட்டு பாக்கி. பாட்-இல் 1,200. எதிராளி 600 போடுகிறார். நீங்கள் 600 கட்டினால் பாட் 2,400. அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று. ஆகவே 25% வாய்ப்பாவது வேண்டும். இருப்பதோ 46 சீட்டில் 9, அதாவது 19.6%. அப்படியே பார்த்தால் நஷ்டம். ஆட்டின் வந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் 670 ரூபாயாவது கறக்க முடியும் என்றால் மட்டும் கணக்கு நேராகும். அவரிடம் மிச்சம் 300 தான் இருக்கிறது என்றால், ஆட்டின் எவ்வளவு அழகாக இருந்தாலும் கவிழ்க்க வேண்டியதுதான்.

விடுமுறைக்கு வந்தவர்கள் கவிழ்க்க வரவில்லை, சீட்டுப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களிடம் பொய்ப் பந்தயம் பலிக்காது. ஏதோ ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கட்டுவார்கள். நல்ல கை வந்தால் பாட்-இல் முக்கால் பங்கு போட்டுக் கட்ட வையுங்கள்; இல்லாதபோது பேசாமல் இருங்கள். ராத்திரி முழுக்க அமைதியாக இருந்த ஒருவர் ரிவரில் திடீரென்று பெரிய ரைஸ் போட்டால், அவர் கையில் இருக்கிறது. உங்கள் இரண்டு ஜோடியை மரியாதையாக மடக்குங்கள்.

இனி, கல்யாண வீட்டு ஜமுக்காளத்தில் செல்லும், இங்கே செல்லாத காரியங்கள். சிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளக் கூடாது. 'ரைஸ்' என்று முதலில் சொல்லுங்கள், அல்லது ஒரே கைவீச்சில் மொத்தமும் வையுங்கள்; இல்லாவிட்டால் முதலில் வைத்ததைக் கால் என்று எடுத்துக்கொள்வார்கள். 200-க்கு ஒரே ஒரு 1,000 சிப்பை வாய்திறக்காமல் வைத்தால் அதுவும் கால்தான். உங்கள் முறை வருவதற்கு முன் கவிழ்க்காதீர்கள். உங்கள் இரண்டு சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள். கழித்த சீட்டோடு கலந்துவிட்டால் ஏஸ் ஜோடியாக இருந்தாலும் செத்த கை. கடைசியில் காட்டும்போது இரண்டு சீட்டையும் திறந்து மேசையில் வையுங்கள், டீலர் படித்துச் சொல்கிற வரை கையை விடாதீர்கள். கை நடக்கும்போது பையிலிருந்து பணம் சேர்க்க முடியாது. ஜெயித்த சிப்பை ஆட்ட நடுவே சட்டைப்பைக்குள் போடவும் முடியாது. எதிரே நம் ஊர்ப் பேச்சு கேட்டுவிட்டால் ரொம்பக் கவனம். "அண்ணாச்சி, நீங்க எந்தூரு?" என்பதைச் சீட்டு கலைக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். கை நடக்கையில் தமிழில் பேசினால் இரண்டு பேரும் கூட்டு என்று மேசையே நினைக்கும், டீலரும் எச்சரிப்பார்.

மது கேட்காமலே வரும். ஆடுகிற வரைக்கும் தண்ணீர், எலுமிச்சை சோடா. ஆறு மணி நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். ஐந்தாவது மணியில் கவனம் சிதறுவது உங்களுக்கே தெரியாது. கொண்டுபோன சிப் மொத்தமும் போய்விட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கரைக்குத் திரும்பும் படகு ராத்திரி முழுக்க ஓடுகிறது.

நாள் 4, டோர்னமென்ட்

பகல் பொழுதுக்குப் பணம் தேவையில்லை. ஃபோன்டேனியாஸ் தெருக்களில் ஒரு நடை, பெட்டிம் கரைக்குப் போய்வர ஃபெரி. நடந்து ஏறுகிறவர்களுக்கு அதில் கட்டணம் இல்லை. மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு. புளிக்குப் பதில் கோகம் போடுகிற இடம். நம் நாக்குக்கு முதல் வாய் என்னவோ மாதிரி இருக்கும், மூன்றாவது வாயில் பழகிவிடும்.

சின்னப் பணத்தோடு வருகிறவர்களுக்குக் கேஷ் மேசையை (நேற்றுப் பார்த்த மாதிரி மேசை) விட டோர்னமென்ட்தான் பொருத்தம் என்பது என் கட்சி. இதில் கட்டணம் கட்டி எல்லாரும் ஒரே அளவு சிப்போடு தொடங்குவார்கள்; கடைசி வரை நிற்கிற சிலருக்குப் பரிசு. நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய் போகாது, ஐந்து மணி நேரம் ஆடலாம். சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது: கட்டணத்தில் எத்தனை பரிசுக்குப் போகிறது, எத்தனை கேசினோவுக்கு; பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது; திரும்ப நுழைய அனுமதி உண்டா. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறினால் பாதி அதிர்ஷ்டம், 30 நிமிடம் என்றால் ஆட இடம் இருக்கிறது. திரும்ப நுழையலாம் என்று அவர்கள் சொன்னாலும், உங்கள் மட்டில் ஒரே நுழைவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கையிருப்பு 10 பிக் பிளைண்டுக்குக் கீழே போனால் கால் என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும்: ஆல்-இன் (மொத்தமும் வைப்பது) அல்லது ஃபோல்டு (கவிழ்ப்பது), நடுவில் ஒன்றும் கிடையாது. பரிசு பத்துப் பேரில் ஒருவருக்கு என்கிற கணக்கில்தான் கிடைக்கும். பெரும்பாலான ராத்திரி வெறுங்கையோடுதான் படகு ஏறுவீர்கள்.

நாள் 5, திரும்பும் வண்டி

சிப்பைக் காசாக்கியபோது கொடுத்த ரசீதுகளைக் கசக்காமல் வையுங்கள். சீட்டாட்டத்தில் வந்த வருமானத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. ஒரு நாள் ஜெயித்து ஒரு நாள் தோற்றால் தோற்றதைக் கழிக்கவும் முடியாது. 10,000-க்கு மேல் ஜெயித்து அங்கேயே வரி பிடித்திருந்தால், உங்கள் பான் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று சில மாதம் கழித்துப் பாருங்கள்.

முதல் நாள் போட்ட 18,300 ஓட்டல், ரயில் செலவு. 40% வரியில் மேசைக்கு வராமலே போனது 8,572. ஆக, ஒரு சீட்டு விழும் முன்பே 26,872 ரூபாய். 100/200 மேசையில் மணிக்கு 5 பிக் பிளைண்ட், அதாவது 1,000 ரூபாய் தேறினால் அது நல்ல ஆட்டக்காரருடைய கணக்கு. இரண்டு ராத்திரியும் கேஷ் மேசையில், மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் ஆடினாலும் 12,000. சுமார் 350 கையில் சீட்டு மேலும் கீழும் ஆட்டுகிற அளவோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதனால் அந்த நல்ல ஆட்டக்காரரே மூன்று தடவை வந்தால் ஒரு தடவை மேசையில் தோற்றுத்தான் வண்டி ஏறுவார். பயணச் செலவை மேசையில் எடுத்துவிடலாம் என்று யாராவது ஜங்ஷன் டீக்கடையில் சொன்னால் இந்த நாலு எண்ணையும் எழுதிக் காட்டுங்கள்.

கோவா மது பாட்டில் எதையும் பையில் போட வேண்டாம். வழியில் கர்நாடகம், கேரளம், அப்புறம் நம் ஊர். மூன்று மாநிலத்துக்கும் மூன்று கலால் சட்டம். நோட்டில் கைகளை எழுதுவதானால் கேரளத்தைத் தாண்டுவதற்குள் முடித்துவிடுங்கள்: எந்த இருக்கை, பாட்-இல் எத்தனை பேர், எவ்வளவு கட்டினீர்கள், ஏன். நாகர்கோவில் தாண்டிக் காற்றாடி தெரிந்ததும் கம்பளியை மடிக்கலாம். அங்கிருந்து ஜங்ஷனுக்கு ஒரு மணி நேரம்.